மழை பெய்தால் இந்தத் துப்பாக்கி சுடுமா? ஒரு சிட்டிகை மருந்தைக் காப்பாற்றும் போராட்டம்!

பழைய பொருள்... புதிய பார்வை! - வாராந்தரத் தொடர்

தீபாவளி நேரத்தில் மழை வந்தால் எல்லா வீட்டிலும் ஒரே வேலைதான். வாங்கி வைத்த பட்டாசு நமத்துப்போய்விடுமோ என்ற பயத்தில், வெயில் எட்டிப் பார்க்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் மொட்டை மாடியில் பரப்பிக் காயவைப்பார்கள். அப்படியும் நமத்துப்போன ராக்கெட், 'புஸ்' என்று புகைந்து பாட்டிலுக்குள்ளேயே அடங்கிவிடும். பண்டிகை நாளில் அது சிரிப்புக்கான விஷயம்.

ராக்கெட்டுக்குள் இருக்கும் அதே கருமருந்தை நம்பி, பனி கொட்டும் காட்டுக்குள் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி ஜனவரியிலும் நீளும் ஒரு தனி வேட்டைக் காலம் உண்டு. அதில் நவீனத் துப்பாக்கிக்கு அனுமதி இல்லை. சிக்கிமுக்கிக் கல் உரசி, தீப்பொறி பறந்து வெடிக்கும் 'ஃபிளின்ட்லாக்' எனப்படும் பழைய துப்பாக்கி மட்டும்தான். 1974-ல் தொடங்கிய வழக்கம் இது.

குளிர், பனி, மழை மூன்றும் சேர்ந்து வரும் மாதத்தில், ஈரம் பட்டால் வேலை செய்யாத துப்பாக்கி! மான் கண்ணில் படுவதைவிட, மருந்தை நனையாமல் வைத்திருப்பதுதான் அங்கே பெரிய சவால்.

எப்படி வெடிக்கிறது?

இந்தத் துப்பாக்கிக்குத் தோட்டா கிடையாது. குழாயின் வாய் வழியாக முதலில் கருமருந்தை அளந்து கொட்ட வேண்டும். பிறகு எண்ணெய் தடவிய சிறு துணியில் ஈயக் குண்டை வைத்து, நீண்ட கோலால் அடிவரை தள்ளிக் கெட்டிக்க வேண்டும். அடுத்த குண்டுக்கு மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

குழாயின் அடிப்பக்கம் வெளிப்புறத்தில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். அதில் ஒரு சிட்டிகை நைஸான மருந்து. கிண்ணத்துக்கும் குழாய்க்கும் நடுவே ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. கிண்ணத்தை மூடியபடி ஓர் எஃகுத் தகடு. விசையை இழுத்தால் சிக்கிமுக்கிக் கல் பிடித்த சுத்தியல் அந்தத் தகட்டை உரசித் தள்ளும். தகடு திறக்கும், பொறி கிண்ணத்தில் விழும், சிட்டிகை மருந்து குப்பென்று எரியும், தீ துளை வழியாக உள்ளே பாய்ந்து குழாயில் உள்ள மருந்தைப் பற்றவைக்கும். எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்துவிடும்.

இதில் மழைக்கு நேரே முகம் காட்டி நிற்பது அந்தச் சிட்டிகை மருந்துதான். அது நனைந்தால், குழாய்க்குள் எவ்வளவு மருந்து காய்ந்து கிடந்தாலும் பயன் இல்லை.

ஈரம் எந்த வழியில் வருகிறது?

கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றின் கலவை. வழக்கமான அளவு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். வெடியுப்பு தண்ணீரில் கரையக்கூடியது. அதனால் நனைந்த மருந்தைக் காயவைத்தாலும் பழைய வீரியம் திரும்பி வராது.

வானத்திலிருந்து விழும் மழை மட்டும்தான் எதிரி என்று நினைத்தால் தவறு. பென்சில்வேனியக் காடுகளில் ஹெம்லாக் என்ற ஊசியிலை மரம் அதிகம். அதன் கிளைகளில் தங்கிய பனி, மழை நின்று வெகுநேரம் கழித்தும் கொத்துக் கொத்தாகத் தலையில் கொட்டும். துப்பாக்கி மீது விழுந்த பனி, கையின் சூட்டில் உருகி மெல்லக் கிண்ணத்துக்குள் இறங்கும்.

இரண்டாவது வழி, வேர்ப்பது. வெளியே கடும் குளிரில் இருந்த துப்பாக்கியைச் சூடான அறைக்குள் கொண்டு வந்தால், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் போல அது வேர்த்துவிடும். அந்த வேர்வை போதும், மருந்தைக் கெடுக்க.

மூன்றாவது வழி, முந்தைய குண்டின் மிச்சம். கருமருந்து எரிந்தபின் குழாயிலும் கிண்ணத்திலும் கரி படியும். இந்தப் படிவு காற்றில் இருக்கும் ஈரத்தைத் தானாகவே உறிஞ்சும். மழையே பெய்யாத மூடுபனி நாளிலும், ஒருமுறை சுட்ட துப்பாக்கியின் கிண்ணம் சிறிது நேரத்தில் கறுப்புக் குழம்பாகிவிடும். அதைத் துடைக்காமல் மேலே புது மருந்தைக் கொட்டினால், அதுவும் சேர்ந்து ஊறிப்போகும்.

நான்காவது எதிரி தண்ணீரே இல்லை, எண்ணெய்! துருப்பிடிக்காமல் இருக்கத் தாராளமாகத் தடவிய எண்ணெய், குழாயின் அடியில் தேங்கி மருந்தில் ஊறிவிடும். அதனால்தான் பழகியவர்கள் வேட்டைக்குப் போகும் நாள் காலையில் ஆல்கஹால் நனைத்த துணியால் குழாயையும் கிண்ணத்தையும் துடைத்து, அது முழுக்கக் காய்ந்த பிறகே மருந்து கெட்டிப்பார்கள்.

'மாட்டு முழங்கால்' முதல் இறகு வரை!

ஈரத்தைத் தடுக்க வேட்டைக்காரர்கள் கையாளும் வழிகளில் பல, 18-ம் நூற்றாண்டிலேயே பழக்கத்தில் இருந்தவை. முதலாவது, 'கவ்ஸ் நீ'. நேர்ப்பொருளில் 'மாட்டு முழங்கால்'. மெழுகும் கொழுப்பும் ஊறவைத்த தோலைத் துப்பாக்கியின் விசைப்பகுதி மீது தொப்பி போலக் கவிழ்த்து, வாரால் கட்டிவிடுவார்கள். மான் தெரிந்ததும் ஒரே இழுப்பில் கழன்றுவரும்படி கட்டுவதில்தான் திறமை இருக்கிறது.

அடுத்தது தேன்மெழுகு. கிண்ணத்தின் விளிம்பிலும், கிண்ணமும் குழாயும் சேரும் கோட்டிலும் மெல்லியதாகத் தடவினால் ஓரமாக வழியும் நீர் உள்ளே போகாது. விளிம்போடு நிற்க வேண்டும். மருந்தில் பட்டால் மெழுகும் எதிரிதான்.

மூன்றாவது, பறவையின் இறகு. காத்திருக்கும் நேரத்தில் ஊசித்துளைக்குள் இறகின் தண்டைச் செருகி வைத்தால், குழாய்க்குள் இருக்கும் மருந்துக்கு ஈரம் எட்டாது. சுடுவதற்கு முன் இறகை உருவிவிட்டுக் கிண்ணத்தில் புது மருந்து இட வேண்டும். அவசரத்தில் இறகை மறந்தவருக்கு வெறும் 'குப்' மட்டும்தான் மிச்சம்.

குழாயின் வாயைச் சிலர் மெல்லிய டேப்பால் மூடுவார்கள். மரத்தால் ஆன மூடியைச் செருகும் பழைய வழக்கமும் உண்டு. அதைக் கழற்றாமல் சுட்டால் குழாயே வெடிக்கலாம் என்பதால் இதில் கூடுதல் கவனம் தேவை. நடக்கும்போது விசைப்பகுதியை அக்குளில் இடுக்கி, கோட்டுக்குள் மறைத்துக்கொள்வதும் உண்டு. கூடுதல் மருந்துக்கு இன்றும் மாட்டுக் கொம்பையே பலர் வைத்திருக்கிறார்கள். கொம்பு தண்ணீரை உள்ளே விடாது, தட்டினால் பொறியும் பறக்காது.

இத்தனையும் செய்தாலும், கடைசியில் காப்பாற்றுவது ஓர் எளிய பழக்கம்தான். ஈரமான நாளில் சிறிது நேரத்துக்கு ஒருமுறை கிண்ணத்தைத் திறந்து, பழைய மருந்தைக் கொட்டிவிட்டு, உலர்ந்த துணியால் துடைத்துப் புது மருந்து இடுவது. கிண்ணத்தில் இருப்பது நல்ல மருந்துதானா என்று சந்தேகம் வந்தால் அது நல்ல மருந்து இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மழையில் நனைந்த வரலாறு

வேட்டைக்காரரின் மருந்து நனைந்தால் மான் தப்பும். படையின் மருந்து நனைந்தால்? 1757 ஜூன் 23 அன்று வங்காளத்தின் பிளாசியில் நண்பகல் வாக்கில் பெருமழை கொட்டியது. ராபர்ட் கிளைவின் ஆட்கள் தார்ப்பாய் போட்டு மருந்தை மூடினார்கள். நவாப் சிராஜ் உத் தௌலாவின் பக்கம் அந்த ஏற்பாடு இல்லை. 'நம் மருந்து போலவே அவர்களுடையதும் நனைந்திருக்கும்' என்ற கணக்கில் பாய்ந்த நவாபின் தளபதி மீர் மதன், பீரங்கித் தாக்குதலில் உயிரிழந்தார். அந்தப் போரின் முடிவில் மீர் ஜாஃபரின் துரோகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால், அந்த நண்பகலில் தார்ப்பாய்க்கும் ஒரு பங்கு இருந்தது.

மாற்று வழியைக் கண்டுபிடித்தவர் ஒரு பாதிரியார்! ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி ஊரைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஃபோர்சைத், பறவை வேட்டையில் ஆர்வம் கொண்டவர். கிண்ணத்தில் எழும் புகையையும் வெளிச்சத்தையும் பார்த்து, குண்டு வருவதற்குள் பறவைகள் பறந்துவிடுகின்றனவே என்பதுதான் அவரது கவலை. தட்டினாலே வெடிக்கும் ரசாயனத்தைக் கொண்டு பற்றவைக்கும் முறைக்கு 1807-ல் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து பிறந்ததுதான், குட்டித் தொப்பி போன்ற செம்பு 'கேப்'. குழந்தைகள் பொம்மைத் துப்பாக்கியில் போட்டு வெடிக்கும் ரோல் கேப்பின் தாத்தா என்று சொல்லலாம். திறந்த கிண்ணம் இல்லாததால் மழைக்கும் பெரிதாக வேலை இல்லை.

வித்தியாசம் எவ்வளவு? 1834-ல் இங்கிலாந்தின் வுல்விச்சில் நடந்த சோதனையில் இரண்டு வகையிலும் 6,000 முறை சுட்டுப் பார்த்தார்கள். சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கி 922 முறை வெடிக்கவில்லை. கேப் துப்பாக்கி வெடிக்காமல் போனது 36 முறைதான்.

அந்த வித்தியாசத்தை உடலால் உணர்ந்தவர்கள் மதராஸ் சிப்பாய்கள். முதல் அபினிப் போரின்போது, 1841 மே மாத இறுதியில், சீனாவின் கான்டன் நகருக்கு வெளியே 37-வது மதராஸ் காலாட்படையின் ஒரு பிரிவு கொட்டும் மழையில் தனியாக மாட்டிக்கொண்டது. கையில் இருந்ததோ பழைய சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. ஒன்றும் வெடிக்கவில்லை. ஈட்டியோடு சூழ்ந்த பெரும் கூட்டத்தைச் சதுரமாக அணிவகுத்து நின்று, துப்பாக்கி முனையில் செருகிய கத்தியால் மட்டும் சமாளித்தார்கள். கேப் துப்பாக்கி வைத்திருந்த கடற்படை வீரர்கள் தேடி வந்த பிறகே அவர்களால் மீள முடிந்தது. ஊரைவிட்டுக் கடல் தாண்டிப் போனவர்களின் உயிர், நனைந்த ஒரு சிட்டிகை மருந்தில் தொங்கிய நாள் அது.

பிறகு ஏன் இன்னும் பழசு?

இன்று கிடைக்கும் நவீன வாய்வழித் துப்பாக்கிகளில் பற்றவைக்கும் பகுதி முழுக்க மூடப்பட்டு, மழையை ஓரளவு சமாளித்துவிடும். பென்சில்வேனியாவின் குளிர்கால வேட்டையில் அதற்கும் இடமில்லை. 18-ம் நூற்றாண்டில் அந்த மாநிலத்தின் லேன்காஸ்டர் பகுதியில் குடியேறிய ஜெர்மானியக் கைவினைஞர்கள் செய்த நீண்ட துப்பாக்கிகள் புகழ்பெற்றவை. அந்தப் பழைய கருவியோடு, பழைய கஷ்டத்தையும் சேர்த்து ஏற்றுக்கொள்கிறவர்களுக்கான வேட்டைக் காலம் இது. கையில் இருப்பது ஒரே ஒரு குண்டு. அதுவும் வெடிக்கும் என்று உறுதி இல்லை.

இங்கேதான் விளையாட்டு முடிந்து பொறுப்பு தொடங்குகிறது. முழுக்க நனைந்த மருந்து வெடிக்காது. மான் துள்ளி ஓடிவிடும். அதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. பாதி நனைந்த மருந்துதான் ஆபத்து. விசையை இழுத்தபின் தயங்கித் தயங்கிப் பற்றும். அந்த இடைவெளியில் குறி நகர்ந்துவிடும். வேகம் குறைந்த குண்டு படக்கூடாத இடத்தில் பட்டு, மான் சாகாமல் காயத்தோடு காட்டுக்குள் ஓடும். பனியில் சிந்திய ரத்தத்தைத் தொடர்ந்து இருட்டும்வரை தேடி அலைவதைவிட, சுடாமல் இருப்பதே நல்லது.

சுடுகிறவருக்கும் ஆபத்து உண்டு. 'க்ளிக்' என்ற சத்தத்தோடு அடங்கிய துப்பாக்கி சில நொடிகள் கழித்தும் வெடிக்கலாம். அதனால் வெடிக்காத துப்பாக்கியை ஆள் இல்லாத பக்கம் நீட்டியபடி குறைந்தது ஒரு நிமிடமாவது அசையாமல் நிற்க வேண்டும் என்பது வேட்டைப் பயிற்சிகளில் சொல்லித்தரும் பாடம். குழாய்க்குள் எட்டிப் பார்ப்பதும், நனைந்த மருந்தை அடுப்பருகே காயவைப்பதும் கூடவே கூடாதவை. திருகாணி போன்ற கருவியால் குண்டை வெளியே இழுத்து, மருந்தைக் கொட்டிச் சுத்தம் செய்வதே வழி.

இந்தியாவில் வேட்டையை 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. உரிமம் இல்லாமல் நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பதும் குற்றம். எனவே இங்கே இது தெரிந்துகொள்வதற்கான விஷயம் மட்டுமே.

வேட்டைக்கு அனுமதி உள்ள பென்சில்வேனியாவிலும், தோலும் மெழுகும் இறகும் ஓர் எல்லை வரைதான் கைகொடுக்கும். எதிரே மான் நிற்கும்போது, கிண்ணத்து மருந்து காய்ந்திருக்கிறது என்று நிச்சயமாகத் தெரியவில்லையா? துப்பாக்கியைத் தாழ்த்திவிட வேண்டும். அனுபவம் உள்ள வேட்டைக்காரர் அதைத் தோல்வியாக நினைப்பதில்லை. அந்த மான் அடுத்த வாரமும் அதே காட்டில்தான் மேயும்!