சொந்த ஊர் எது?

எங்கள் பகுதியில் அறுபதைத் தாண்டியவர்களிடம் "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டுப் பாருங்கள். கும்பகோணம், திருநெல்வேலி, ஆரணி என்று பதில் வரும். தாம்பரம் என்று சொல்ல ஆளே இல்லை. முப்பது வருஷமாக ரேஷன் கார்டும் ஓட்டும் இங்கேதான். ஆனாலும் இது வந்த இடமாம்!

எனக்கு இதில் உடன்பாடில்லை. பிறந்த ஊரை மறக்கச் சொல்லவில்லை. நானும் வருஷம் ஒருமுறை குலதெய்வத்தைக் கும்பிடப் போய் வருகிறவன்தான். ஆனால் அங்கே எனக்கு மிச்சம் இருப்பது நினைவுகள் மட்டும். ராத்திரி நெஞ்சு வலித்தால் கதவைத் தட்டப் பக்கத்து வீடு இருப்பது இங்கேதான்.

"இந்த ஊரில் அப்படி என்ன சார் இருக்கு?" என்று பூங்காவில் சில நண்பர்கள் கேட்பார்கள். நிறைய இருக்கிறது. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அந்தக் கல்லில்தான் தொடங்கியது. திருநீர்மலை 108 திவ்ய தேசங்களில் ஒன்று. காசநோயாளிகளுக்கு நல்ல காற்று வேண்டும் என்று 1928-ல் டாக்டர் சௌரி முத்து இங்கே ஆஸ்பத்திரி தொடங்கினார். சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பெயர் வந்தது அதனால்தான். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டு இங்கே வந்தது. அந்த வளாகத்துக் காட்டில் இன்றும் மான்கள் உண்டு. குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் லெதர் தோல் தொழிற்சாலையால் வந்தது. தினமும் கடந்து போகும் ஸ்டேஷன் பெயர்களுக்குப் பின்னால் இவ்வளவு கதை.

குறைகள் இல்லையா? ஏன் இல்லை. கோடையில் தண்ணீர் லாரி, தெருமுனையில் குப்பை, ஜி.எஸ்.டி. சாலையைக் கடப்பதற்குள் போகும் உயிர், எல்லாம் உண்டு. ஆனால் குறை சொல்வதற்கும் ஊர் நம்முடையதாக இருக்க வேண்டும். லாட்ஜில் தங்குகிறவன் குழாய் ஒழுகினால் முணுமுணுப்பான். வீட்டுக்காரன்தான் பிளம்பரைக் கூப்பிடுவான்.

2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை நாம் பார்த்தோம். செம்பாக்கம் ஏரி நிரம்பினால் தண்ணீர் ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகும் என்பதைத் தன் ஊரில் கண்மாய், மடை, கலிங்கல் என்று பேசத் தெரிந்த நம் தலைமுறை அறிந்திருக்க வேண்டாமா? வாய்க்கால் எங்கே ஓடியது என்று கேட்க ஆளில்லாவிட்டால் அதன் மேல் வீடு வரும். சிட்லபாக்கத்தில் குடியிருப்பவர்கள் தங்கள் ஏரிக்காக வருஷக்கணக்கில் விடாமல் குரல் கொடுத்தார்கள். பிறகு அரசும் நிதி ஒதுக்கிச் சீரமைத்தது. அவர்களிலும் பெரும்பாலோர் வெளியூரிலிருந்து வந்தவர்கள்தான்.

ஓய்வு பெற்ற நமக்கு நேரம் இருக்கிறது. காலையில் பூங்காவையே சுற்றாமல் வாரத்தில் ஒருநாள் பக்கத்து ஏரிக்கரை வரை நடக்கலாம். வரத்துக்கால்வாய் அடைந்திருந்தால் ஐப்பசிக்கு முன்பே மாநகராட்சிக்கு மனு எழுதலாம். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் பேரனைக் கூட்டிப் போகலாம். நமக்கு எப்படியோ, அவனுக்கு இதுதான் பிறந்த ஊர். நாளை அவன் வேறு ஏதோ நகரத்தில் இருந்துகொண்டு "எங்க ஊர் தாம்பரம்" என்று சொல்லும்போது, பார்க்க ஒரு ஏரியாவது மிச்சம் இருக்க வேண்டும்.