படம் வரையும் பொறியும் பாலர் நூலும்

குழந்தை எழுத்தறியுமுன் படமறியும். தாயின் மடியிலிருந்தவாறே நூலில் உள்ள யானையைக் கண்டு கைகொட்டும் பிள்ளைக்கு, ‘யா’ என்னும் எழுத்து பின்னரே அறிமுகமாகின்றது. இவ்வுண்மையை நன்குணர்ந்த கொமேனியஸ் என்னும் கல்வியறிஞர், 1658ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில், உலகப் பொருள்களைப் படங்களாகக் காட்டி அவற்றின் பெயர்களை இலத்தீனிலும் ஜெர்மானிய மொழியிலும் கற்பிக்கும் நூலொன்றை வெளியிட்டார். குழந்தைகளுக்கான படநூல்களின் முன்னோடி என அறிஞர்கள் இன்றும் அதனைச் சுட்டுவர். எனவே, பாலர் கையில் நாம் கொடுக்கும் படநூல் வெறும் விளையாட்டுப் பொருளன்று. உலகை நோக்கி அவர்களுக்கு நாம் திறந்துவிடும் முதற் சாளரம் என்பதை முதற்கண் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இந்நாட்டில் தமிழ்க்கல்வி 1816ஆம் ஆண்டில் பினாங்கு ஃபிரீ பள்ளியில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து தன் வரலாற்றைக் கணக்கிடுகின்றது. இருநூறு ஆண்டுகளைக் கடந்து, இன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நாடெங்கும் இயங்கி வருகின்றன. ஆயினும், நம் பள்ளி நூலகத்தின் பாலர் அலமாரியைத் திறந்து பார்த்தால் மனம் சிறிது சோர்வடையவே செய்கின்றது. அங்குள்ள படநூல்களுட் பல கடல் கடந்து வந்தவை. சில பிற மொழிகளிலிருந்து பெயர்க்கப்பட்டவை. அவற்றில் பனி பெய்கின்றது, ஆப்பிள் பழுக்கின்றது, மாட்டு வண்டி ஓடுகின்றது. அவையும் நம் பிள்ளைகள் அறிய வேண்டியவையே. ஆனால், தாமான் வீட்டு வாசலில் மழைக்கு ஒதுங்கிப் பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கும் நம் பிள்ளை, தன்னைப் போன்ற ஒரு பிள்ளையை அந்நூல்களில் எளிதிற் காண முடிவதில்லை.

இந்நிலையிற்றான் செயற்கை நுண்ணறிவு என்னும் புதிய கருவி நம் வாயிலிற் வந்து நிற்கின்றது. ‘இன்ன காட்சியை வரைக’ என்று எழுத்தாற் கட்டளையிட்டால், கண நேரத்தில் வண்ணப் படமொன்றை அது தந்துவிடுகின்றது. கதையும் கேட்டாற் கதையும் எழுதித் தருகின்றது. 2022ஆம் ஆண்டு திசம்பரில், அமெரிக்காவில் பணியாற்றிய அம்மார் ரேஷி என்பார், சாட்ஜிபிடி என்னும் பொறியின் துணையாற் கதையையும், மிட்ஜர்னி என்னும் பொறியின் துணையாற் படங்களையும் அமைத்து, ஒரு வார இறுதிக்குள்ளாகவே சிறுவர் நூலொன்றை உருவாக்கி விற்பனைக்கு வைத்தார். வியந்தோர் பலர், ஓவியர்களோ கடுஞ்சினங் கொண்டனர். அதன்பின் இத்தகைய நூல்கள் பெருகலாயின. 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் அமேசான் நிறுவனம், தன் வழி வெளியிடப்படும் நூல்களிற் பொறியின் ஆக்கம் இருப்பின் அதனைத் தன்னிடம் அறிவிக்க வேண்டுமென்றும், ஒருவர் நாளொன்றுக்கு மூன்று நூல்களுக்கு மேல் புதிதாக வெளியிடலாகாது என்றும் விதி வகுத்தது. நாளுக்கு மூன்று நூல் என்று வரம்பு கட்ட வேண்டிய காலம் வந்துற்றதெனின், நூல் என்னும் சொல்லின் பொருளையே நாம் மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டாவா?

அண்மையில் நம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அன்பர் ஒருவர், படிநிலை ஒன்று மாணவர்களுக்காகப் பத்துப் படநூல்களை இப்பொறியைக் கொண்டே செய்துவிடலாம் என்று கருத்துரைத்தார். அக்கருத்தை எள்ளி நகையாட நான் முற்படவில்லை. அவர் கூற்றில் நியாயம் உண்டு. ஓவியருக்கு ஊதியம் கொடுத்து, வண்ணத்தில் அச்சிட்டு நூல் வெளியிடுதல் நம்மனைய பள்ளிகளுக்கு எளிதன்று. 150 மாணவர்க்கும் குறைவாகவே உள்ள தமிழ்ப்பள்ளிகள் பல. அத்தகைய பள்ளியொன்றில், வாசிக்கத் தடுமாறும் ஒரு பிள்ளைக்காக, அவன் விரும்பும் பூனையையும் மிதிவண்டியையும் வைத்து ஓர் ஆசிரியை இரவோடிரவாக ஒரு சிறு நூலை ஆக்கித் தர முடியுமெனின், அதனைத் தீதென்று யார் சொல்வர்? கருவியைக் கண்டு அஞ்சுதல் கற்றோர்க்கு அழகன்று.

ஆயினும், கருவியின் இயல்பை அறியாது கையாளுதலும் அறிவுடைமையன்று. ஆதலின், சென்ற பள்ளி விடுமுறையில் நானே அதனைச் சோதித்துப் பார்த்தேன். என் பெற்றோர் தோட்டத்திற் பால் வெட்டியவர்கள். எனவே, ‘ரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் பால்வெட்டச் செல்லும் தமிழ்ப் பாட்டியும், அவர் கையைப் பற்றிச் செல்லும் பேரனும்’ என்று கட்டளை கொடுத்தேன். அரை நிமிடத்திற் படம் வந்தது. வண்ணம் கண்ணைப் பறித்தது. நுணுகி நோக்கியபோது நெஞ்சம் துணுக்குற்றது.

பாட்டியார் திருமண வீட்டிற்குச் செல்பவர்போற் பட்டுப்புடவை உடுத்தியிருந்தார். விடியுமுன் என்று கூறியிருந்தும் வெயில் பளபளத்தது. நெற்றியிற் கட்டும் விளக்கைக் காணவில்லை. காலைக் குளிர்ச்சியிற்றான் பால் நன்கு வடியும் என்பதற்காகவே நம் முன்னோர் இருளில் எழுந்தனர் என்பதைப் பொறி எங்ஙனம் அறியும்? பட்டையில் இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து சரியும் வெட்டுக்கோடு இல்லை; மரத்தைச் சுற்றி வளையம்போல் ஒரு கீறல் இருந்தது. மங்கு இருக்க வேண்டிய இடத்திற் பெரியதொரு வாளி தொங்கியது. பின்புறத்துப் பலகையிலே தமிழெழுத்தைப் போன்று தோன்றும் கோடுகள் இருந்தன. அவற்றுள் ஒன்றுகூட நம் 247 எழுத்துகளுட் சேர்ந்ததன்று. எழுத்துக் கற்கும் பாலரிடம் அப்படத்தைக் கொடுப்பது எத்துணைப் பெரிய பிழை!

அதே பொறியிடம் பத்துமலையை வரையச் சொன்னேன். பொன்னிற முருகன் சிலையையும், 2018ஆம் ஆண்டில் வண்ணந் தீட்டப்பெற்ற படிகளையும் ஓரளவு செவ்வனே வரைந்து தந்தது. இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? இப்பொறிகள் தாமாகக் கண்டு வரைவன அல்ல. இணையத்திற் பரந்து கிடக்கும் படங்களையும் அவற்றோடு இணைந்த சொற்களையும் கோடிக்கணக்கிற் கொடுத்து அவற்றைப் பயிற்றுகின்றனர். படத்தின்மேற் புள்ளிகளைத் தூவிச் சிதைத்து, சிதைந்ததை மீண்டும் சீராக்கக் கற்பிக்கும் முறையொன்று பெரிதும் கையாளப்படுகின்றது. 2022ஆம் ஆண்டில் வெளியான லையான் என்னும் திரட்டில் ஏறத்தாழ 585 கோடிப் படங்கள் சொற்களோடு இணைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஏறத்தாழ 230 கோடி, ஆங்கிலச் சொற்களோடு கூடியவை. எஞ்சியவற்றையே உலகின் ஏனைய மொழிகளெல்லாம் பகிர்ந்துகொள்ள வேண்டும். உலகச் சுற்றுலாப் பயணிகள் ஓயாது படமெடுக்கும் பத்துமலையைப் பொறி அறியும். யாரும் படமெடுத்து இணையத்தில் இடாத நம் பாட்டியாரின் விடியற்காலையை அஃது அறியாது. பலர் கண்டதையே அது மீண்டும் காட்டும். சிலர் மட்டும் வாழ்ந்ததை, அதற்குத் தெரிந்த வேறொன்றால் நிரப்பிவிடும்.

இவை இன்றைய குறைகளே, நாளை நீங்கிவிடும் என்று சிலர் கூறலாம். நானும் அவ்வாறே கருதுகின்றேன். வாளி நாளை மங்காகும், எழுத்தும் திருந்தும். எனவே, என் கருத்தை இக்குறைகளின்மேல் மட்டும் நான் நிறுத்தவில்லை. பொறி பிழையற வரையும் நாள் வந்தாலும் நம் குழந்தைகள் இழக்கத்தக்க ஒன்று உண்டு. அதனை எனக்கு உணர்த்தியவன் மூன்றாம் ஆண்டிற் பயிலும் மாணவன் ஒருவன்.

விடுமுறை முடிந்து பள்ளி தொடங்கியதும் அதே காட்சியை வரைந்து வருமாறு வகுப்பிற் கூறினேன். அம்மாணவன் தோட்டத்தைக் கண்டவனல்லன். தாமான் வீட்டிலேயே வளர்ந்தவன். பாட்டியாரைக் கேட்டறிந்து மறுநாள் வரைந்து வந்தான். மரம் குச்சியைப் போல் மெலிந்திருந்தது. பாட்டியாருக்குக் கழுத்தே இல்லை. மங்கோ மரத்தினும் பெரிதாக, தாளின் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. “மங்கு ஏனப்பா இவ்வளவு பெரிதாக இருக்கிறது?” என்று வினவினேன். “மங்கு நிறைந்தால்தான் அன்றைக்குச் சோறு என்று பாட்டி சொன்னாங்க, டீச்சர்” என்றான்.

நான் வாயடைத்து நின்றேன். அவன் வரைந்ததும் பிழையான படந்தான். பொறி வரைந்ததும் பிழையான படந்தான். ஆனால், அவன் பிழைக்குள் ஒரு குடும்பத்தின் பசி இருந்தது. பாட்டியின் குரல் இருந்தது. ‘ஏன்?’ என்று கேட்டால் அவனிடம் விடை இருந்தது. பொறியின் வாளியைக் காட்டி ‘ஏன்?’ என்று கேட்டால் விடை கூற அங்கு எவரும் இலர். பின்னர் அவன் தாயார் என்னிடம் கூறினார்: அன்றிரவு அவர்கள் வீட்டிற் தொலைக்காட்சி அணைக்கப்பட்டிருந்ததாம், பாட்டியார் தம் எட்டு வயதில் தாயாரோடு நிரைக்குச் சென்ற கதையை மகனும் மருமகளும் பேரனும் சூழ்ந்திருந்து கேட்டனராம். அக்கதையை அதுவரை அவ்வீட்டில் யாரும் கேட்டதில்லையாம். பொறி அரை நிமிடத்திற் படத்தைத் தந்திருக்கும். அந்த இரவைத் தந்திருக்குமா?

நம் நாட்டு ஓவியர் லாட் அவர்கள் 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி கம்போங் பாய்’ என்னும் படநூலைப் பலரும் அறிவர். பேராக் மாநிலத்துக் கம்பத்தில் தாம் கழித்த இளமைப் பருவத்தையே அவர் கோடுகளாற் காட்டினார். ஈயக்கப்பலும் ஆறும் பள்ளியும் அவர் கண்ணாற் கண்டவை. ஒரு கம்பத்துப் பிள்ளையின் கதை உலக நாடுகள் பலவற்றையும் சென்றடைந்தது. அதற்கு நிகராக நம் தோட்டத்தையும் லயத்து வீட்டையும் தாமானையும் வரைந்து காட்டப்போகும் கை, இன்று நம் வகுப்பறையில் வண்ணக்கோல் பிடித்துக்கொண்டிருக்கலாம். ‘உன்னைவிடப் பொறி அழகாக வரையும்’ என்று அக்கையை நாமே தட்டிவிடலாமா?

நேர்மை பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். பக்கத்திலிருப்பவனைப் பார்த்து எழுதாதே என்று மாணவர்க்கு நாள்தோறும் கூறுகின்றோம். தங்கள் ஓவியங்களை இசைவின்றியே பொறிகளுக்குப் பயிற்சியாகக் கொடுத்தனர் என்று கூறி, அமெரிக்க ஓவியர் சிலர் 2023ஆம் ஆண்டு சனவரியில் வழக்குத் தொடுத்தனர். அவ்வாண்டு பிப்ரவரியில், பொறியால் ஆன படங்களைக் கொண்ட ஒரு சித்திரக்கதை நூலைப் பற்றி அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் ஒரு முடிவு கூறிற்று. மனிதர் எழுதிய சொற்களுக்கும் அவர் செய்த தொகுப்புக்குமே உரிமை உண்டு. பொறி ஆக்கிய படங்களுக்கு இல்லை என்பதே அம்முடிவு. ஆக, பொறியிடமிருந்து பெற்ற படத்தின் கீழ் நம் பெயரைப் பொறித்துக்கொள்ளுதல், நாம் கற்பிக்கும் அறத்திற்கே முரணாகும்.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? என் சிற்றறிவிற்கு எட்டியவற்றைச் சங்கத்தார் முன் வைக்கின்றேன். பத்து நூல் வேண்டா. இவ்வாண்டிற்கு மூன்று போதும். கதைகளைப் பாட்டன் பாட்டியரிடமிருந்தும் பெற்றோரிடமிருந்தும் மாணவர்களே கேட்டு வரட்டும். ஆசிரியர்கள் அவற்றைப் பிழையற்ற எளிய தமிழில் எழுதித் தருவோம். படங்களை மாணவர்களே வரையட்டும். அப்படங்களைக் கணினியில் ஏற்றித் தூய்மை செய்யவும், பக்கங்களை ஒழுங்குற அமைக்கவும் புதிய கருவிகளைத் தாராளமாகப் பயன்படுத்துவோம். எங்கேனும் பொறியின் படம் இன்றியமையாததெனின், தமிழறிந்த இருவர் அதனை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கட்டும். அது பொறியால் ஆனது என்பதை முகப்புப் பக்கத்தில் ஒளிவுமறைவின்றி அச்சிடுவோம். நம் பிள்ளைகளின் நிழற்படங்களை மட்டும் எக்காரணங் கொண்டும் அப்பொறிகளுக்குக் கொடாதிருப்போம்.

இவ்வாறு பிறக்கும் நூல்கள் கடையில் விற்கும் நூல்களைப் போற் பளபளக்கமாட்டா. கோடு கோணியிருக்கும், வண்ணம் விளிம்பைத் தாண்டியிருக்கும். ஆனால், அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டிற் காலடி வைக்கும் பிள்ளை அந்நூலைத் திறந்து, ‘இதை வரைந்தது யார்?’ என்று கேட்கும்போது, நாம் திடலில் ஓடும் ஒரு மாணவனைச் சுட்டிக் காட்டலாம். ‘அந்த அண்ணன்தான்’ என்று நாம் சொன்ன மறுகணமே அப்பிள்ளையின் கை வண்ணக்கோலைத் தேடும்.

மரத்தினும் பெரிதாக மங்கை வரைந்த அந்தப் படம் இப்பொழுது என் மேசைக் கண்ணாடியின்கீழ் இருக்கின்றது. அதுவே நம் முதல் நூலின் அட்டைப்படமாக அமையட்டும் என்பது என் வேண்டுகோள். பெற்றோரும் ஆசிரியரும் ஒன்றுகூடி இப்பணியை முடிப்போமாக!

வளர்க நம் பள்ளி! வாழ்க தமிழ்!