துறைமுகத் தெருக்களுக்கு வாருங்கள்!

மாணவ நண்பர்களே! இந்திய நுழைவாயிலின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டால் மும்பையைக் கண்டுவிட்டோம் என்று எண்ணுகிறோம். இந்நகரை வளர்த்தவை துறைமுகத் தெருக்கள் அல்லவா? 1875இல் எழுந்த சசூன் துறையில் விடியற்காலையில் கோலிப் பெண்கள் மீன் ஏலம் கேட்கும் ஆரவாரத்தைக் கேளுங்கள். மசூதி பந்தரில் மிளகும் ஏலமும் மணப்பதை நுகருங்கள்.

ஆனால், வண்ணத்தை மட்டும் கண்டு திரும்பிவிடாதீர்கள். அப்பகுதியை அடுத்த விக்டோரியா துறையில், 1944 ஏப்ரல் 14 அன்று, பஞ்சும் வெடிமருந்தும் ஏற்றி நின்ற ‘போர்ட் ஸ்டிகின்’ கப்பல் வெடித்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். தீயோடு போராடிய 66 தீயணைப்பு வீரர்களும் மடிந்தனர்.

ஏப்ரல் 14 நமக்குச் சித்திரைத் திருநாளும் ஆகும். அன்று விருந்துக்கு அமருமுன் அத்தெருக்களில் நடந்து, அவ்வீரர்களை நினைந்து வருவோம். நமக்கு வாழ்வளிக்கும் நகரின் துயரமும் நம்முடையதே. நம் சங்கம் இதை ஆண்டுதோறும் வழக்கமாக்கட்டும்!