கணக்குச் சொல்பவன் வாயைக் கட்டலாமா?

நமது குலசேகரன்பட்டினம் கடற்கரையில் 2024-ம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி ராக்கெட் ஏவுதளத்திற்கு அஸ்திவாரக்கல் நாட்டப்பட்டது. விஞ்ஞானம் நம்மூருக்கே வந்துவிட்டதென்று ஜனங்கள் பூரித்தார்கள். நாமும் மகிழ்ச்சியடைகின்றோம். ஆனால், ராக்கெட்டுக்குக் கணக்குப் போடும் விஞ்ஞானியிடம் ஒரு மந்திரி வந்து, "இந்த எண் நமக்குச் சாதகமாயில்லை; மாற்றி எழுது" என்றால் என்ன ஆகும்? ராக்கெட் கடலில் விழும். மந்திரியின் உத்தரவு அதைத் தாங்கி நிற்காது. இது சிறு பிள்ளைக்கும் தெரியும். அப்படியிருக்க, ஜனங்களின் வேலையையும் கூலியையும் சாப்பாட்டையும் எண்ணிச் சொல்லும் புள்ளிவிவர நிபுணருக்கு மாத்திரம் அந்தச் சுதந்திரம் ஏன் கூடாது என்று கேட்கின்றோம்.

நடந்ததைப் பாருங்கள். 2017-18-ம் வருஷத்து வேலைவாய்ப்பு அறிக்கையைத் தேசீயப் புள்ளிவிவரக் கமிஷன் 2018 டிசம்பரிலேயே ஒப்புக்கொண்டது. சர்க்கார் வெளியிடவில்லை. 2019 ஜனவரியில் கமிஷனின் தற்காலிகத் தலைவர் தோழர் பி.சி.மோகனனும், அங்கத்தினர் பேராசிரியர் ஜே.வி.மீனாட்சி அம்மையாரும் ராஜிநாமாச் செய்தார்கள். அம்மாதக் கடைசியில் ஒரு பத்திரிகை அந்த எண்ணை வெளிப்படுத்திற்று. வேலையின்மை 100-க்கு 6.1! உடனே, "அது வெறும் நகல்" என்று சமாதானம் சொல்லப்பட்டது. பிறகு தேர்தல் முடிந்தது. மே 30-ந் தேதி மந்திரிகள் பதவியேற்றார்கள். மறுநாளே அறிக்கை வெளிவந்தது. எண் என்ன? அதே 6.1! நகலுக்கும் அசலுக்கும் நடுவில் இருந்தது ஓட்டுப்பெட்டி ஒன்றுதான்.

"கணக்கெடுத்த முறை புதிது, பழையதோடு ஒப்பிடக் கூடாது" என்றும் சொன்னார்கள். சரி, அதையும் சேர்த்து அச்சடித்து வெளியிட்டுவிட்டு வாதாடுவதுதானே யோக்கியம்? பூட்டி வைத்துவிட்டுக் குற்றம் சொல்வது என்ன நியாயம்? அதே 2019 நவம்பரில் குடும்பச் செலவுக் கணக்கையும் தரமில்லையென்று வெளியிடாமலே தள்ளிவிட்டார்கள்.

இது நம் தேசத்து வியாதி மாத்திரமல்ல. ருஷியாவில் 1937-ல் எடுத்த குடிக்கணக்கில், ஸ்டாலின் எதிர்பார்த்ததைவிட ஜனத்தொகை குறைந்தது. பஞ்சத்தில் மாண்டவர்கள் எப்படிக் கணக்கில் வருவார்கள்? கணக்கு மறைக்கப்பட்டது; அதை நடத்திய க்விட்கின் சுட்டுக்கொல்லப்பட்டார். கிரீஸில் ஆந்திரேயாஸ் ஜார்ஜியோ என்பவர் சர்க்காரின் பற்றாக்குறையை உள்ளபடி சொன்னார். ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர இலாகா அக்கணக்கை ஒப்புக்கொண்டும், அவர் வருஷக்கணக்காய்க் கோர்ட்டுக்கு இழுக்கப்பட்டார். அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லையென்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமே 2023-ல் தீர்ப்பளித்தது.

"சம்பளம் வாங்குகிறவன் எஜமான் சொற்படி கேட்க வேண்டாமா?" என்பார் சிலர். எஜமான் யார்? உப்பளத்தில் உப்பு வாருகிறவனும், தேரிக்காட்டில் பனையேறுகிறவனும் கடையில் வாங்கும் சாமானுக்குக் கொடுக்கும் வரிதானே அச்சம்பளம்? தன் வீட்டுக் கணக்கைக் கேட்க அவனுக்கு உரிமையில்லையா? அவனுக்கு வேலையில்லையென்பது எண்ணில் ஏறாவிட்டால், அது தலைவிதியென்று சொல்லிக்கொடுக்க எத்தனையோ பேர் காத்திருக்கின்றார்கள்!

தசராவுக்குக் காளி வேஷம் போட்டவர்கூடத் திருவிழா முடிந்ததும் வேஷத்தைக் கலைக்கின்றார். சர்க்கார் கணக்கு வேஷம் போட்டால் அதைக் கலைக்க வேண்டியவர் புள்ளிவிவர நிபுணர். அவர் வாயையும் கட்டிவிட்டால் நமக்கு யார் கதி?

ஆகவே தோழர்களே! 2005-ல் வெறும் சர்க்கார் தீர்மானத்தால் ஏற்பட்ட அந்தக் கமிஷனுக்குச் சட்டத்தின் பலம் வேண்டும். அறிக்கை வெளியாகும் தேதியை முன்கூட்டியே குறித்துவிட வேண்டும். அதை மாற்ற எந்த மந்திரிக்கும் அதிகாரம் கூடாது. உண்மையைச் சொன்னவரின் உத்தியோகத்துக்கும் உயிருக்கும் பாதுகாப்பு வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், "முதலில் கணக்கைக் காட்டு" என்று கேளுங்கள்.