மலையகப் பாடகியும் திரைப்பட வார்ப்பும்

பாடகர் ஒருவரின் வாழ்க்கையைத் திரைப்படமாக்குவோர் பெரும்பாலும் ஒரே வார்ப்பினையே கையாளுகின்றனர். வறிய குடும்பத்திற் பிறப்பு, இளமையிற் குரல்வளம், எதிர்பாராத புகழ், அதன்பின் குடி, குடும்பச் சிதைவு, தனிமை, ஈற்றில் மீட்சி அல்லது மரணம் என்பதே அவ்வார்ப்பு. அமெரிக்க நாட்டுப்புற இசையின் பெரும் பாடகரான ஹாங்க் வில்லியம்ஸ் 1953ஆம் ஆண்டின் முதல் நாளில், தமது இருபத்தொன்பதாவது வயதில், பயணஞ் செய்த காரின் பின்னிருக்கையிலேயே இறந்தார். அவருடைய வாழ்க்கை 1964இலும் 2015இலும் திரைப்படமாயிற்று. பஞ்சாபிய மக்கட் பாடகர் அமர் சிங் சம்கீலா 1988 மார்ச் 8ஆம் நாள் மனைவி அமர்ஜோத்துடன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது வாழ்வும் 2024இல் இம்தியாஸ் அலியின் படமாக வெளிவந்தது.

இத்தகைய படங்கள் கண்ணீரை வரவழைக்க வல்லன. ஆயினும், அக்கண்ணீர் எதற்காகச் சிந்தப்படுகின்றது என்பதே கேட்கப்படவேண்டிய வினாவாகும். பாடகனின் துன்பத்துக்கு அவனுடைய பலவீனமே காரணம் என்று காட்டிவிட்டால், அவனை அத்துன்பத்துள் தள்ளிய சமூகம் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கிவிடுகின்றது. பார்வையாளனும் மனநிறைவுடன் வீடு திரும்புகின்றான்.

மலையக மக்கள் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனமை 2023இல் நினைவுகூரப்பட்டது. அதே ஆண்டில் முத்தையா முரளிதரனின் வாழ்க்கை ‘800’ என்னும் படமாயிற்று. மலையகத்து மனிதர் திரைக்குரியவரே என்பது இதனால் உறுதியாகின்றது. அவ்வாறாயின் மலையகத்தின் பாடகி எப்போது திரையேறுவாள்? எந்த வடிவில் ஏறுவாள்? இரண்டாவது வினாவே முதன்மையானது.

ஏனெனில் அத்தகைய பாடகி ஒருவர் வரலாற்றில் உள்ளார். கோ. நடேசய்யர் 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் அமைத்தார். தோட்டங்கள் அன்று வேலியிட்ட தனியரசுகளாய் விளங்கின. துரையின் இசைவின்றி வெளியார் உட்புகுதல் குற்றமாயிற்று. நடேசய்யர் புடைவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குச் சென்றார் என்பர். எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களிடம் துண்டுப் பிரசுரத்தால் மட்டும் அரசியலைக் கொண்டுசெல்ல இயலுமா? அவ்வினாவுக்கு விடையாக வந்தவர் அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள். கூட்டங்களிலே அவர் பாடினார். மக்கள் முன்னரே அறிந்திருந்த மெட்டுகளில் உரிமையின் சொற்களை ஏற்றினார். அரசாங்க வேலைகளிலிருந்து இந்திய வம்சாவளி நாட்சம்பளக்காரர் 1939இல் நீக்கப்பட்ட சூழலிலே, அவரது பாடல்கள் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பெயரில் 1940இல் நூலாயின. முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானதும் அவ்வாண்டு ஜனவரியிலேயே.

இவ்வம்மையாரின் வாழ்வினை மேற்கூறிய வார்ப்பினுள் ஊற்றினால் என்ன நேரும்? கணவனின் பொதுவாழ்வால் வாடிய மனைவி கிடைப்பாள். ஏக்கமும் நோயும் கலந்த சில காட்சிகள் கிடைக்கும். ஈற்றிலே பனிமூட்டத்தின் நடுவே ஒரு சோகப் பாட்டு ஒலிக்கும். அவர் எதற்காகப் பாடினார் என்பது மட்டும் கிடையாது. அவருடைய துயரம் அவருடைய நெஞ்சுக்குள் மட்டும் அடங்கியதன்று. அது பெரட்டுக்களத்திலும் சம்பளப் பட்டியலிலும் சட்டப் புத்தகத்திலும் எழுதப்பட்டிருந்தது. ஆணைவிடப் பெண்ணுக்குக் குறைந்த கூலியே விதிக்கப்பட்டிருந்த மலைகளில், சமசம்பளம் வந்து சேர்ந்தது 1984இலேதான்.

குடியைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டியுள்ளது. தப்படிப்பவனும் கூத்தாடுபவனும் குடிகாரராகவே தோன்றவேண்டும் என்பது திரையுலகின் எழுதாச் சட்டம்போலும். தோட்டங்களிற் குடி இல்லை என்று எவரும் வாதிடார். அது குடும்பங்களை அழித்ததும் உண்மையே. ஆனால் விடியுமுன் குளிரில் எழுந்து, மழையில் நனைந்து, இரவில் எட்டடிக் காம்பராவுக்குத் திரும்பியவனின் கையிற் கள்ளுக்கோப்பையைக் காட்டுகின்ற கமரா, கள்ளுக்கடைக்கு உரிமம் வழங்கி வருவாய் ஈட்டிய அரசாங்கத்தையும் காட்டவேண்டாமா? ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பது பாதி உண்மை. பாதி உண்மையோ முழுப் பொய்யினும் கொடியது.

மீனாட்சியம்மாள் லயத்திற் பிறந்து கொழுந்து பறித்தவர் அல்லர். ஆகவே அவரை மலையகப் பாடகி எனல் பொருந்தாது என்பார் உளர். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. அவரை மீட்பராகவும் தொழிலாளரை வாய்பேசா மந்தையாகவும் காட்டும் படம் புதியதோர் அநீதியாகவே முடியும். அவர் வருமுன்னரே அம்மலைகளிற் பாட்டு இருந்தது. தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் காமன் கூத்தும் இருந்தன. மடக்கும்புரையில் 1914இற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அப்பாடல்களைத் தேடித் தொகுத்தார்; ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் வெளிவந்தது. வாய்மொழித் தொகுப்புகளிலே பாட்டு உண்டு, மெட்டு உண்டு. பாடியவளின் பெயர் பெரும்பாலும் இல்லை. எனவே பெயருள்ள பாடகி ஒருத்தியும் பெயரற்ற பாடகியர் பல்லாயிரவரும் ஒரே படத்துக்குரியர். ஒருத்தியின் குரல் மற்றையோரின் மெட்டின்மீதே நின்றது.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள் லொரெட்டா லின். அவரது வாழ்வு 1980இற் படமானபோது, அதற்கு அடிப்படையாக அமைந்தது 1976இல் வெளியான அவருடைய தன்வரலாறேயாகும். தன் பிறப்பையும் தன் இளவயதுத் திருமணத்தையும் அவள் தானே முதலிற் கூறினாள். திரை பின்னரே கூறியது. மலையகப் பாடகியும் 1940இலேயே தன் சொற்களை அச்சில் வைத்துவிட்டாள். படமெடுப்போர் அவளுக்காக வேறு பாட்டெழுதத் தேவையில்லை. அவள் எழுதியதைப் பாடினாற் போதும்.

‘இத்தகைய படத்தை எவர் பார்ப்பார்?’ என்று வணிகர் கேட்கலாம். வி. பி. கணேசன் என்னும் தொழிற்சங்கவாதி 1975இலேயே தோட்டத்து மக்களின் வாழ்வைப் ‘புதிய காற்று’ என்ற படமாக்கினார். அன்று ஒருவருக்கு இருந்த துணிவு இன்று பலருக்கும் இல்லை என்றால், குறை பார்வையாளரிடம் இல்லை.

ஈற்றாக, படம் எங்கே முடியவேண்டும்? பாடகனின் மரணத்துடன் திரையை இறக்குவதே வார்ப்பின் வழக்கம். இக்கதைக்கோ அம்முடிவு பொருந்தாது. நடேசய்யர் 1947 நவம்பரில் மறைந்தார். அடுத்த ஆண்டு நிறைவேறிய 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், அம்மையாரின் பாட்டைக் கேட்டு நின்ற மக்களை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. பாடியவர் இறந்ததன்று இங்கு நேர்ந்த அவலம். கேட்டவர்கள் சட்டத்தின் முன் இல்லாதவராக்கப்பட்டமையே அவலம். அங்கேதான் அப்படம் முடியவேண்டும்.

மலையகத்தைத் திரைக்குக் கொண்டுவர விழைவோர் பச்சை மலையையும் பனியையும் படமெடுக்க அவசரப்படவேண்டியதில்லை. அவை எங்கும் போய்விடா. லயங்களில் இன்றும் பாடக்கூடிய முதிய பெண்கள் சிலர் எஞ்சியுள்ளனர். முதலில் அவர்களிடம் செல்லுக. பாட்டைக் கேட்குமுன் அவர்களின் பெயரைக் கேளுக. அப்பெயர்கள் திரையில் எழுதப்படும் நாளிலேதான் மலையகப் பாடகியின் வாழ்க்கை படமாயிற்று என்று கூறலாம்.