மிச்ச மாடு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் நசரத்பேட்டையில் கறிக்கடை முன்னால் கூட்டம் கூடிவிடும். பெங்களூர் நெடுஞ்சாலை லாரிகள் கிளப்பிவிடும் புழுதியில் நின்றுதான் வாங்க வேண்டும். 'போட்டி இருக்கா பாய்?', 'சுவரொட்டி எனக்கு எடுத்து வையி', 'எலும்பு கொஞ்சம் சேத்துப் போடு' என்று ஆளாளுக்குக் குரல். ஒரு வாரம் நான் கேட்டேன்: "பாய், இது என்ன மாடு?"

கத்தியை நிறுத்தாமலே சொன்னார்: "அடிமாடு தம்பி."

"அது தெரியுது பாய். என்ன இனம்? காங்கேயமா, கலப்பா, ஆந்திரா மாடா?"

சிரித்துவிட்டார். "கறிக்குன்னு எவன் தம்பி இங்க மாடு வளக்கிறான்? உழுது முடிச்சது, வண்டி இழுத்து முடிச்சது, எல்லாம் முடிஞ்சப்புறம்தான் நம்ம கைக்கு வருது. முடிஞ்சுபோனதுக்கு என்ன இனம்?"

எம்.ஏ. தமிழ் படித்த எனக்கு எந்த வகுப்பிலும் கிடைக்காத விளக்கம் அது. வெயில் நாட்டுக்கு எந்தக் கறிமாடு ஏற்றது என்று உலகமே ஆராய்ந்து, விடை கண்டு, கோடிக்கணக்கில் வளர்த்துக்கொண்டிருக்கிறது. அந்த விடை நம் மண்ணிலிருந்து போனது. அதைத் தின்கிற நமக்கு மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை இல்லை.

கதையைக் கேளுங்கள். அமெரிக்காவின் தென்பகுதி, டெக்சாஸ், லூசியானா, வளைகுடாக் கரையோரம், எல்லாம் நம் ஊர் போலத்தான். புழுக்கம், வெயில், உண்ணி. இங்கிலாந்திலிருந்து போன கறிமாடுகள் அங்கே மூச்சு வாங்கி, உண்ணிக் காய்ச்சலில் செத்தன. 1854இல் லூசியானாவின் ஒரு பண்ணைக்காரருக்கு இந்தியக் காளைகள் இரண்டு கிடைத்தன. 1906இல் டெக்சாஸின் பியர்ஸ் பண்ணைக்காகப் போர்டன் என்பவர் இந்தியாவிலிருந்து மாடுகளைக் கப்பலில் கொண்டுபோனார். ஓங்கோல், கிர், காங்க்ரேஜ், கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடுகளின் ரத்தத்தைக் கலந்து கறிக்கென்றே ஓர் இனத்தை உருவாக்கினார்கள். 1924இல் அதற்கென ஒரு சங்கமும் வைத்தார்கள். அந்தச் சங்கம் அந்த மாட்டுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'பிராமன்'. ஆமாங்க, பிராமணன்தான். வெயில் நாடுகளில் இன்று பேர்போன கறிமாட்டின் பெயர் அது. இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. வரலாறு சில நேரம் நம்மைவிடக் கிண்டலாக எழுதிவிடுகிறது.

பிரேசிலில் அதன் பெயர் 'நெலோரே'. நம் நெல்லூர்தான். 1953 வரை சென்னை மாகாணத்தோடு இருந்த நெல்லூர். இங்கிருந்து பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். 1962 இறக்குமதியில் போன 'கரவாதி' என்ற ஓங்கோல் காளையின் வாரிசுகள் அந்த நாடு முழுக்கப் பரவின. இன்று உலகத்துக்கு அதிக மாட்டுக்கறி விற்கும் நாடு பிரேசில். அந்தக் கறியில் பெரும்பங்கு நெல்லூர் ரத்தம். 2023இல் ஒரு நெலோரே பசுவுக்கு 40 லட்சம் டாலருக்கு மேல் மதிப்புப் போட்டு, உலகின் விலை உயர்ந்த மாடு என்றார்கள்.

ஏன் இந்த மாடு? சீமை மாட்டுக்கு 5 டிகிரியிலிருந்து 25 டிகிரி வரைதான் சுகம். பூந்தமல்லியின் மே மாதம் அதற்குத் தண்டனை. நாட்டு மாட்டுக்கு வியர்வைச் சுரப்பி பெரிது, எண்ணிக்கையும் அதிகம். முடி குட்டை, வழவழப்பு, வெயிலைத் திருப்பி அடிக்கும். தளர்ந்து தொங்கும் தோலும் அலைதாடியும் சூட்டை வெளியே விடும். உள்ளே உண்டாகும் சூடே குறைவு. உண்ணி அவ்வளவாக ஏறாது. காய்ந்த வைக்கோலைத் தின்று உடம்பு பிடிக்கும். ஒரு குறை உண்டு: கறி கொஞ்சம் முரடு. தசையை இளக்கும் நொதியைத் தடுக்கும் பொருள் இந்த மாட்டுக்கறியில் கூடுதல். அதனால்தான் அமெரிக்கர்கள் எட்டில் மூன்று பங்கு பிராமன், ஐந்து பங்கு ஆங்கஸ் என்று கலந்து 'பிராங்கஸ்' செய்தார்கள். அது தட்டில் வைத்துக் கத்தியால் அறுத்துத் தின்பவனின் கவலை. நமக்கு எதற்கு? மிளகாயும் மல்லியும் அரைத்து ஊற்றிக் குழம்பாகக் கொதிக்கவைப்பவர்கள் நாம். முத்தல் கறிக்குப் பப்பாளிக்காய் போடத் தெரிந்த கைகள் எங்கள் ஆயாக்களுடையவை. திமில் கறியின் ருசியைப் பிரேசில்காரன் 'குப்பிம்' என்று தனிப் பெயர் வைத்துக் கொண்டாடுகிறான். இங்கே திமில் என்றால் தழுவுவதற்கு மட்டும்தான்.

அப்படியென்றால் இங்கே ஏன் ஒரு கறிமாட்டு இனம் உருவாகவில்லை? நம் ஆட்கள் சோம்பேறிகளா? சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 1958ஆம் ஆண்டுத் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் என்ன சொல்கிறது? மாடு பத்து வயதைத் தாண்டியிருக்க வேண்டும், உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாததாக இருக்க வேண்டும். அல்லது காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கியிருக்க வேண்டும். அப்படிச் சான்று வாங்கினால்தான் அறுக்கலாம். 1976 அரசாணை வந்து பசுவையும் கிடேரியையும் அறவே தடுத்தது. உலகத்தில் கறிமாட்டை இரண்டு மூன்று வயதில் அறுக்கிறார்கள். இங்கே பத்து வருஷம் அடுத்தவனுக்கு உழைத்து, எலும்பு தேய்ந்து, 'இனி ஒண்ணுத்துக்கும் ஆகாது' என்று ஓர் அதிகாரி எழுதிக் கொடுத்தபிறகு அது எங்களுக்கு உணவு. மிச்சம் தின்னு என்பதைச் சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். குக்கரில் பத்து விசில் விட்டும் வேகாத ஞாயிற்றுக்கிழமைக் கறியை மெல்லும்போது நான் மெல்வது அந்த 1958ஐத்தான்.

அரசியலமைப்பின் 48ஆவது பிரிவு இன்னும் விசேஷம். கால்நடை வளர்ப்பை நவீன, விஞ்ஞான வழியில் ஒழுங்குபடுத்து, இனங்களைப் பேணி மேம்படுத்து, பசுவையும் கன்றையும் கறவை மாட்டையும் இழுவை மாட்டையும் அறுப்பதைத் தடை செய், எல்லாம் ஒரே வாக்கியத்துக்குள். விஞ்ஞானமும் பூணூலும் ஒரே மூச்சில்! இனத்தை மேம்படுத்து என்றால் பாலுக்கு, ஏருக்கு. கறிக்கு என்ற சொல் அந்த விஞ்ஞானத்தில் கிடையாது. பாலுக்காகச் சமவெளிக்கு ஜெர்சி, மலைக்கு ஹோல்ஸ்டீன் என்று ஊசி போட்டார்கள். பிறந்த காளைக்கன்று பாலையும் குடிக்கிறது, உழவும் இல்லை. பட்டினி போட்டுச் சாகவிட்டார்கள். இப்போது ஆண்கன்றே பிறக்காதபடி பாலினம் பிரித்த விந்துக்கு மானியம். 2019 கணக்கெடுப்பில் நாட்டில் மொத்த மாடு 19.25 கோடி, அதில் பெட்டை 14.51 கோடி. 2012ஐ விட ஆண்மாடு ஏறக்குறைய 30 சதவீதம் சரிந்தது. அறுக்காதே என்று காப்பாற்றிய லட்சணம் இது. பிறக்கவே விடாமல் காப்பாற்றியிருக்கிறார்கள்.

எருமையைச் சொல்லவில்லையே என்பீர்கள். எருமைக்கு வியர்வை போதாது, குளம் வேண்டும். செம்பரம்பாக்கத்துக்கு இந்தப் பக்கம் ஏரிகளும் தாங்கல்களும் மனைகளான பிறகு அது எங்கே போய்ப் படுக்கும்? 2019இல் தமிழ்நாட்டில் எஞ்சியது ஐந்து லட்சத்துச் சொச்சம் எருமை. ஆனால் எருமைக்கறியைக் கப்பலில் ஏற்றி டாலர் எண்ணும்போது அரசுக்குத் தீட்டு இல்லை. பதினோராவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் எருமைக் காளைக்கன்றுகளைச் சாகவிடாமல் கறிக்காக வளர்க்க ஒரு மத்தியத் திட்டமே போட்டார்கள். ஏற்றுமதி என்றால் கறிக்கும் விஞ்ஞானம் வந்துவிடுகிறது.

2017 ஜனவரியில் மெரினாவில் 'நாட்டு மாடு காப்போம்' என்று லட்சம் பேர். நானும் இரண்டு நாள் போனேன், மறைக்கவில்லை. அதே வருஷம் மே 23இல் சந்தையில் அறுப்புக்காக மாடு விற்கக்கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. மே 30இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை இடைக்காலத் தடை விதித்தது, ஜூலையில் உச்சநீதிமன்றம் அத்தடையை நாடு முழுவதற்கும் ஆக்கியது. அதற்கிடையில் சென்னை ஐ.ஐ.டி.யில் மாட்டுக்கறி தின்று எதிர்ப்புத் தெரிவித்த மாணவர் ஒருவரைக் கண் கலங்கிப்போகும் அளவுக்கு அடித்தார்கள். ஜனவரியில் கடற்கரையை நிறைத்த நாட்டு மாட்டு அன்பர்களில் எத்தனை பேர் மே மாதம் வெளியே வந்தார்கள்? சந்தையில் கிழமாட்டுக்கு விலை இருந்தால்தானே குடியானவன் அடுத்த கன்றை வாங்குவான்? அந்த விலையைக் கொடுப்பது யார்? நாம். நாட்டு மாட்டை இத்தனை காலம் காப்பாற்றியதில் காளையைத் தழுவினவனுக்கு இருக்கும் பங்கைவிடக் கறி வாங்கினவனுக்குப் பங்கு அதிகம்.

ஆனால் பெருமை மட்டும் அவர்களுக்கு. நல்ல மாட்டுக்குத் தமிழில் என்ன பெயர்? 'சாதி மாடு'. காங்கேயம் என்றதும் பழையகோட்டைப் பட்டக்காரர் பெயர் வருகிறது. உம்பளச்சேரி மாட்டைத் தஞ்சைச் சேற்றில் ஓட்டி உழுத பள்ளர் பெயரும் பறையர் பெயரும் எந்த மாட்டுப் புத்தகத்தில் இருக்கிறது? உம்பளச்சேரியின் தாய்நிலமும் 1968இல் 44 பேரை எரித்த கீழ்வெண்மணியும் ஒரே கீழத்தஞ்சை மண். எந்த ஏட்டிலும் ஏறாத ஏழை வீட்டு மாட்டைக் கால்நடைத் துறை 'இனம் அறியப்படாதது' என்று எழுதும். சேரி மாடு. ஆனால் வெயிலையும் பட்டினியையும் அதிகம் தாங்குவது அதுதான். கலப்பின மாட்டுக்கு மானியம், கலப்பு மணத்துக்கு அரிவாள். இந்த நாட்டில் 'இனவிருத்தி' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இரண்டும் சேர்ந்துதான் ஞாபகத்துக்கு வருகிறது.

தோழர்கள் சிலர் கேட்கிறார்கள்: 'அம்பேத்கர் விடச் சொன்னதை நீ ஏன் பிடித்துத் தொங்குகிறாய்?' 1927இல் மகாடில் அவர் விடச் சொன்னது செத்த மாட்டின் கறியை. அதுதான் மிச்சத்திலும் மிச்சம். என் ஆயா சொல்லும்: "பால் அவுங்களுது, ஏர் அவுங்களுது, செத்தா மட்டும் நம்முளுது." மாட்டுக்கறிக்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவை 1948இல் அவரே புத்தகமாக எழுதி அவர்கள் முகத்துக்கு நேரே வைத்தார். நான் கேட்பது செத்ததும் அல்ல, முடிந்ததும் அல்ல. நமக்கென்று தேர்ந்து வளர்த்த மாட்டை.

என்ன மாடு? சீமையிலிருந்து எதுவும் வேண்டாம். இந்த வடமாவட்டங்களின் பேரில்லாத சிறுமாட்டுப் பசுக்களில் சதைப்பிடிப்பானதைப் பொறுக்கி, ஓங்கோல் பொலிகாளை சேர்த்து, காளைக்கன்றுகளைச் சேரிப் பெண்கள் குழுக்களிடம் கொடுத்து மூன்று வருஷம் மேய்க்கச் சொல்லுங்கள். சிறிய பசுவுக்கு ரொம்பப் பெரிய காளையைப் போட்டால் கன்று ஈனுவது கஷ்டம், அதையும் பார்த்துத்தான் பொறுக்க வேண்டும். மேய்க்க இடம்? இதே பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் ஆட்சியர் டிரமென்ஹீர் எழுதிய அறிக்கையால் 1892இல் பஞ்சமி நிலம் வந்தது. அந்த நிலத்தைக் கேட்டதற்காக 1994இல் காரணையில் துப்பாக்கிச் சூட்டில் இருவர் செத்தார்கள். ஆகவே இடம் கேட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். மேய்க்கால் புறம்போக்கின் கணக்கையாவது காட்டுங்கள்.

அடுத்த கிராமசபைக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். சட்டத்தில் பத்து வயது நிபந்தனையை நீக்கப் பரிந்துரைத்துத் தீர்மானம், மேய்க்கால் நிலத்தின் அளவு, பொலிகாளை ஒன்று. அம்மா வாசிக்கச் சொல்லிக் கேட்டது. "மாட்டுக்கறின்னு போட்டா வாங்கவே மாட்டாங்கடா. எறச்சிக் கால்நடைன்னு கீது இல்ல, அப்படிப் போடு" என்றது.

மாட்டுக்கறி என்றே போட்டிருக்கிறேன்.