கரண்டியைப் பிள்ளையிடம் கொடுங்கள்



பள்ளியில் தொழில்முனைவர் நாளோ சிற்றுண்டி விழாவோ வந்துவிட்டால், நெகிழித்தாள் விரித்த மேசைகளின்மேல் தவறாமல் காட்சி தரும் பண்டம் ஒன்று உண்டு. குச்சியில் செருகிய சின்னஞ்சிறு அணிச்சல் உருண்டை. 'கேக் பாப்' என்று பிள்ளைகள் அழைக்கிறார்கள். இளஞ்சிவப்பும் நீலமுமாகச் சாக்லேட்டுப் பூச்சு, அதன்மேல் வண்ண மணிகள், கழுத்தில் ஒரு பட்டு நாடா... விலை ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி. அத்தனையும் அச்சு அசலாக ஒரே வடிவில் இருக்கும். "யார் செய்தது?" என்று விற்கும் பிள்ளையைக் கேட்டால், "அம்மா செஞ்சாங்க டீச்சர்" என்று விடை வரும். "நீ என்ன செய்தாய்?" என்றால், "நான் விக்கிறேன் டீச்சர்" என்பான். அம்மா இரவு ஒரு மணிவரை விழித்திருந்திருப்பார் என்பது அந்த நாடா முடிச்சைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவ்வுருண்டையைச் செய்வதற்கென்றே விற்கப்படும் மின்கருவி, அடுப்படி வேலை ஒன்றைப் பிள்ளையின் உயரத்திற்கு இறக்கிக் கொண்டுவந்திருக்கிறது. இறங்கி வந்ததைப் பெரியவர்களாகிய நாமே மறுபடியும் தூக்கி நம் கைக்குள் வைத்துக்கொள்கிறோம். இதனால் பிள்ளைக்கு நேரும் இழப்பு தமிழில்தான் முதலில் தென்படுகிறது. அது எப்படி என்பதைச் சொல்வதற்குமுன் கருவியைச் சற்றுப் பார்ப்போம்.

பண்டம் பழமையானதன்று. 'பேக்கரெல்லா' என்ற பெயரில் வலைப்பூ எழுதிவந்த ஏஞ்சி டட்லி என்னும் அமெரிக்கப் பெண்மணி 2008-ஆம் ஆண்டில் இதனைப் பரவச் செய்தார். 2010-இல் இதற்கெனவே ஒரு நூலையும் வெளியிட்டார். அவருடைய முறையில் தனிக்கருவி ஏதும் கிடையாது. வெந்த அணிச்சலை உதிர்த்து, இனிப்புக் குழைவோடு பிசைந்து, கையால் உருட்டி, குச்சியில் குத்தி, உருக்கிய பூச்சில் தோய்ப்பது அவர் வழி. மேசைமேல் வைத்துச் சுடும் மின்கருவி அதன்பின் வந்தது. கீழ்த்தட்டில் பன்னிரண்டு அரைக்கோளக் குழிகள், மேல்மூடியில் அவற்றுக்கு நேராகப் பன்னிரண்டு. (சிறிய கருவிகளில் குழிகள் குறைவு.) மாவை வார்த்து மூடிவிட்டால் நான்கைந்து நிமிடங்களில் உருண்டையாகவே வெந்து வெளிவருகிறது. உதிர்ப்பதும் உருட்டுவதும் இல்லை. குழைவு சேராததால் இனிப்பும் சற்றுக் குறைவு.

கூர்ந்து பார்த்தால் இது நம் பணியாரக் கல்லுக்கு உறவுதான். பணியாரக் கல்லில் வெப்பம் கீழிருந்து மட்டுமே வருகிறது. ஆகவே பாதி வெந்ததும் ஒரு குச்சியால் புரட்டிவிடவேண்டும். சப்பானியரின் தாக்கோயாக்கிக்கும் அதே நிலைதான். நம் நாட்டு மலாய்க்காரர்கள் பாவுலு சுடும் பழைய முறையோ வேறு. பித்தளை அச்சில் மாவை ஊற்றி, கீழே தணல் போட்டு, மூடியின்மேலும் தணலை வாரி வைப்பார்கள். மேலும் கீழும் வெப்பம் கிடைப்பதால் புரட்டவேண்டியதில்லை. பணியாரத்தின் குழியையும் பாவுலுவின் இருபக்கத் தணலையும் சேர்த்து, மின்கம்பி பூட்டினால் இந்தக் கருவி! பாட்டிமார் இதனைக் கண்டு வியக்காமல் இருப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் பணியாரக் கல்லின் அருகே எட்டு வயதுப் பிள்ளையை நாம் விடுவதில்லை. எரியும் அடுப்பு, சுடும் எண்ணெய், எட்டாத உயரம். விடாதது சரியே. இந்தக் கருவியோ சாப்பாட்டு மேசைமேல் இருக்கிறது. தீச்சுடர் இல்லை, எண்ணெய் தெறிப்பதில்லை, பிள்ளை நாற்காலியில் அமர்ந்தபடியே வேலை செய்யலாம். ஆகவேதான் உயரம் இறங்கியது என்றேன்.

இனித் தமிழுக்கு வருகிறேன்.

தொடக்கப்பள்ளியில் தமிழ் போதிக்கும் ஆசிரியர் எவரும் இந்த நோயை அறிவர். சமையல் குறித்து ஒரு பத்தி எழுதச் சொன்னால் மாணவன் இப்படி எழுதுவான்: "நான் மாவு போட்டேன். பிறகு சீனி போட்டேன். முட்டை போட்டேன். சாக்லேட் போட்டேன்." எல்லாமே போட்டேன்! பெயர்ச்சொற்களுக்குப் பஞ்சமில்லை, அவற்றைப் படத்தைக் காட்டிக் கற்பித்துவிடலாம். வினைச்சொற்களை அப்படிக் கற்பிக்க முடிவதில்லை. 'சலித்தல்' என்று வெண்பலகையில் எழுதி, 'மாவைச் சல்லடையில் இட்டு அசைத்தல்' என்று பொருளும் எழுதிப் போட்டால் மாணவன் மனனம் செய்வான், தேர்வு முடிந்ததும் மறப்பான். சல்லடையைக் கையில் பிடித்துத் தட்டி, கட்டிகள் மேலே தங்கி மென்மாவு கீழே பனிபோல் விழுவதை ஒருமுறை கண்ட பிள்ளைக்கு அந்தச் சொல் மறக்காது.

இவ்வுருண்டையைச் செய்யும் ஒரு மணி நேரத்தில் எத்தனை வினைகள் வருகின்றன, பாருங்கள். மாவைச் சலிக்கிறோம். முட்டையை உடைத்து அடிக்கிறோம். வெண்ணெயை உருக்குகிறோம். எல்லாவற்றையும் கட்டி தட்டாமல் கலக்கிக் குழைக்கிறோம். குழியில் எண்ணெய் தடவுகிறோம். மாவை வார்க்கிறோம். வெந்ததைக் கிண்டாமல் நெம்பி எடுக்கிறோம். ஆறவைக்கிறோம். குச்சியைச் செருகுகிறோம். பூச்சில் தோய்த்து, வழிவதைத் தட்டி உதிர்த்து, மணிகளைத் தூவி, நிமிர்த்தி நட்டு, உறையவிடுகிறோம். இருபதுக்குக் குறையாத வினைகள். ஒவ்வொன்றையும் கை செய்கிறது, வாய் சொல்கிறது.

'வார்த்தல்' என்னும் சொல்லில் மட்டும் சற்று நிற்கவேண்டும். ஊற்றுதலும் வார்த்தலும் ஒன்றா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. தண்ணீரைக் குவளையில் ஊற்றுகிறோம். உருக்கிய உலோகத்தை அச்சில் விட்டு உருவம் பெறச் செய்வது வார்த்தல். சிலையும் மணியும் வார்க்கப்படுகின்றன. தோசையும் அவ்வாறே வார்க்கப்படுகிறது. அரைக்கோளக் குழியில் மாவை விட்டு உருண்டையாக எடுக்கும் இக்கருவிக்கு இதைவிடப் பொருத்தமான வினை கிடைக்குமா? நேற்று வந்த கருவிக்குத் தமிழில் சொல் ஏற்கெனவே காத்திருக்கிறது. நாம்தான் பிள்ளையின் காதில் அதைப் போடுவதில்லை. யூடியூப் காணொளியைப் பார்த்து 'மிக்ஸ் பண்ணு', 'டிப் பண்ணு' என்று வீட்டில் பேசிவிட்டு, பள்ளியில் 'போட்டேன்' என்று எழுதுகிறான் என வருந்துவது என்ன நியாயம்?

(அணிச்சல் என்ற சொல்லைப் பற்றியும் கேட்பீர்கள். நம் நாட்டுப் பாடநூலில் அணிச்சல், வீட்டில் கேக்கு. எனக்கு இதில் பிடிவாதம் இல்லை. கேக்கு என்றே சொல்லட்டும். ஆனால் அந்தக் கேக்கை 'டிப் பண்ண' வேண்டாம், தோய்க்கட்டும். பெயர் கடனாக வரலாம், வினையும் கடனாக வந்தால் வாக்கியத்தில் தமிழுக்கு இடமேது?)

செய்முறையைக் கேட்கும் பெற்றோர்களுக்காக அளவுகளைத் தருகிறேன். கோதுமை மாவு 120 கிராம், சீனி 80 கிராம், பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, உருக்கிய வெண்ணெய் 50 கிராம், முட்டை 1, பால் 100 மில்லிலிட்டர், சிறிது வெனிலா. குழிக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் ஏறக்குறைய 24 உருண்டைகள் வரும், அதாவது பன்னிரண்டு குழிக் கருவியில் இரண்டு ஈடு. பெட்டியில் விற்கும் அணிச்சல் கலவை மிகவும் மென்மையானது. குச்சி செருகும்போது உதிர்ந்துவிடும். மாவு சற்றுக் கெட்டியாக இருப்பதே நல்லது. கீழ்க்குழியின் விளிம்புவரை வார்த்தால் போதும். ஈரமும் வெப்பமும் பட்டவுடன் பேக்கிங் பவுடரிலிருந்து கரிவளி வெளிப்பட்டு மாவு உப்பி, மேல்குழியைத் தானே நிரப்பிக்கொள்ளும். குறைத்து வார்த்தால் தலை தட்டையாகும். மிகுத்து வார்த்தால் இடுப்பில் ஒட்டியாணம் கட்டியதுபோல் வளையம் விழும். இவ்விரண்டையும் பிள்ளை தானே கண்டறியட்டும். முதல் ஈடு கோணலாகத்தான் வரும். அதைக் கண்டு இரண்டாம் ஈட்டில் அவன் அளவைத் திருத்துவான். அறிவியல் பாடத்தில் மாறி என்றும் அனுமானம் என்றும் நாம் கற்பிப்பது இதைத்தானே?

பூச்சு விசயத்தில் நம் தட்பவெப்பத்தைக் கருதவேண்டும். கொக்கோ வெண்ணெய் கொண்ட உயர்ந்த சாக்லேட்டு நம் உடல் வெப்பத்திற்குச் சற்றுக் கீழேயே உருகிவிடும். பதப்படுத்தத் தெரியாமல் உருக்கினால் பள்ளி மேசைமேல் பிசுபிசுக்கும். அணிச்சல் பொருள் விற்கும் கடைகளில் தாவரக் கொழுப்பில் செய்த 'காம்பவுண்ட்' சாக்லேட்டு கிடைக்கிறது. சுவையில் ஒரு படி கீழ்தான். ஆனால் உருக்கித் தோய்த்தால் போதும், தானே உறையும். உருக்கும் கிண்ணத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் திரிந்து கட்டியாகிவிடும் என்பதைப் பிள்ளைக்கு முன்னரே சொல்லிவிடுங்கள். குச்சியின் நுனியை முதலில் பூச்சில் தொட்டுப் பின்னர் உருண்டையின் பாதிவரை செருகி, பத்துப் பதினைந்து நிமிடங்கள் குளிர்ப்பெட்டியில் வைத்தால் நழுவாது. உறைபெட்டியில் கல்லாக்கிவிட்டுச் சுடுபூச்சில் தோய்த்தால் ஓடு வெடிக்கும். நட்டு வைக்க முட்டை அட்டையைக் கவிழ்த்துத் துளையிட்டால் போதுமானது.

கணிதமும் இதில் தானே வருகிறது. 24 வேண்டாம், 12 போதும் என்று சொல்லிப் பாருங்கள். மாவைப் பாதியாக்குவான், சீனியைப் பாதியாக்குவான். முட்டையில் வந்து நிற்பான். அரை முட்டையை எப்படி எடுப்பது? விடையைச் சொல்லிவிடாதீர்கள். அடித்துவிட்டு எடை பார்த்துப் பாதியை எடுக்கலாம் என்று பிள்ளையே கண்டுபிடிக்கும் அந்த நொடிக்காக ஐந்து நிமிடம் காத்திருக்கலாம். விற்பனை நாளுக்குச் செய்வதாக இருந்தால் இலாபத்தையும் அவனே கணக்கிடட்டும். மாவு, வெண்ணெய், சாக்லேட்டு, குச்சி, நாடா ஆகியவற்றோடு மின்சாரத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். கருவியின் அடியில் எத்தனை வாட் என்று பொறித்திருக்கும். 800 வாட் கருவி அரை மணி நேரம் முழுமையாக ஓடினால் 0.4 கிலோவாட்-மணி. விலையை மாதந்தோறும் வீட்டுக்கு வரும் தெனாகா கட்டணச் சீட்டில் அவனே தேடட்டும். அம்மா செய்து கொடுத்ததை விற்பவனுக்கு வரும் பணம் எல்லாமே இலாபம்தான்! முதல் என்றால் என்ன என்று அவனுக்கு எப்படி விளங்கும்?

மறுப்புகள் உண்டு. இனிப்புப் பண்டத்தை ஆசிரியரே பரிந்துரைக்கலாமா என்பது ஒன்று. மேற்கண்ட அளவில் பூச்சில்லாத உருண்டை ஒன்றில் சேரும் சீனி மூன்றரைக் கிராமுக்கும் குறைவு. பூச்சுத்தான் எமன், அந்தப் பொட்டலத்தின் உட்பொருள் பட்டியலில் பெரும்பாலும் சீனியே முதலிடத்தில் நிற்கும். பாதி உருண்டைகளை வெறுமனே தின்னக் கொடுங்கள். இனிப்பே ஆகாதெனில் அதே குழியில் வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்துச் சேர்த்த இட்டலி மாவை வாருங்கள். பணியாரம் வரும், வினைச்சொற்களும் குறையா.

ஆபத்து இல்லையா என்பது அடுத்தது. உண்டு. மேல்மூடியின் உலோகம் நன்றாகச் சுடும். செருகியை மாட்டுவதும் வெந்ததை நெம்பி எடுப்பதும் பெரியவர் வேலை. நெம்புவதற்கு மரக்குச்சியே ஏற்றது, முள்கரண்டி குழியின் பூச்சைச் சுரண்டிவிடும். கருவி வாங்கும்போது மும்முனைச் செருகியும் சிரிம் முத்திரையும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். வலைக்கடைகளில் மலிவாகக் கிடைப்பவை எல்லாவற்றிலும் அவை இருப்பதில்லை. மூன்று நான்கு வயதுத் தம்பி தங்கையருக்குக் குச்சியை உருவிவிட்டுக் கொடுங்கள்.

நேரமில்லை என்பதே உண்மையான மறுப்பு. வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் தாயிடம், பிள்ளையோடு அமர்ந்து மாவு கலக்குங்கள் என்று சொல்ல எனக்குத் தயக்கமாகவே உள்ளது. பிள்ளை செய்தால் ஒரு மணி நேர வேலை இரண்டு மணி நேரமாகும், மேசையெங்கும் மாவு. ஆனால் அதே தாய்தானே விழாவுக்கு முந்திய நாள் நள்ளிரவுவரை நாடா கட்டுகிறார்? அந்த நேரத்தைச் சனிக்கிழமைக் காலைக்கு மாற்றினால் என்ன?

இங்குதான் ஆசிரிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். தாய்மார்கள் நள்ளிரவுவரை விழித்திருப்பதில் நமக்கும் பங்குண்டு. அழகான மேசைக்குப் பரிசு, அதிகம் விற்ற வகுப்புக்குப் பரிசு என்று அறிவிப்பவர்கள் நாம். பரிசு இருக்கும்வரை கோணல் உருண்டையை எந்தத் தாயும் பள்ளிக்கு அனுப்பமாட்டார். 2021-இல் யூபிஎஸ்ஆர் தேர்வு நீக்கப்பட்டபின் மாணவன் செய்வதையும் பேசுவதையும் வகுப்பறையிலேயே பார்த்து மதிப்பிட நமக்கு இடம் கிடைத்திருக்கிறது. விற்பனை மேசையின் முன் நின்று, "இதை எப்படிச் செய்தாய்? முதலில் இருந்து சொல்" என்று கேட்போம். மூன்று நிமிடம் தடையின்றிச் சொல்லும் பிள்ளைக்குப் பரிசு கொடுப்போம். தட்டைத் தலையும் ஒட்டியாணமுமாக இருக்கும் உருண்டையைத்தான் நான் முதலில் வாங்குவேன்.

கடைசியாகத் துப்புரவு. செருகியைக் கழற்றி, கருவி முற்றிலும் ஆறியபின் ஈரத்துணியால் துடைக்கவேண்டும், தண்ணீரில் முக்கக்கூடாது. குழியோரத்தில் காய்ந்து ஒட்டியதைத் துணியால் ஊறவைத்து மெல்லத் தேய்க்கச் சொல்லுங்கள். மாவுக் கிண்ணத்தை வழிப்பது பிள்ளையின் உரிமை என்றாலும், பச்சை முட்டை கலந்த மாவு, நக்க விடவேண்டாம். வழித்ததை ஒரு குழியில் வார்த்தால் இருபத்தைந்தாவது உருண்டை அரைகுறையாக ஒன்று வரும். அதற்குப் பூச்சும் தேவையில்லை, குச்சியும் தேவையில்லை. சூடு தணிந்ததும் செய்தவனே தின்னட்டும்.